பால்வண்ணம் எனக்குத் தரவேண்டிய முறை

எனக்கு முதன்முதலில் தீங்கு செய்தவன் ஜவுளிக்கடை பால்வண்ணம். அவனுக்குப் பிறகும் பலர் செய்திருக்கிறார்கள். குரூப் போட்டோவில் என்னை ஓரமாக நிறுத்திப் பாதி முகத்தை வெட்டியவர்கள் உண்டு. மேடையில் நன்றி சொல்லும்போது என் பெயருக்குப் பக்கத்தில் வந்ததும் 'மற்றும் பலர்' என்று தாண்டிப் போனவர்கள் உண்டு. கண் சிகிச்சை முகாமில் காலையிலிருந்து கிழவிகளைக் கைபிடித்து இறக்கிவிட்டவனை விட்டுவிட்டு, மத்தியானம் காரில் வந்து இறங்கியவனுக்குச் சந்தன மாலை போட்டவர்களும் உண்டு. அவர்களெல்லாம் பின்னால் நிற்கட்டும், அவர்கள் முறை வரும்போது அவர்களைப் பற்றியும் சொல்லுகிறேன். முதல் இடம் பால்வண்ணத்துக்குத்தான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பெயர் ஐயம்பெருமாள். செவலூரணியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாவு மில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் ஊரில் நேசக்கரம் சேவா சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அதில் நானும் பால்வண்ணமும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவன் சலவைச் சட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டான், நான் தலையெல்லாம் மாவோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே யார் மேடைக்கு, யார் நாற்காலி விரிக்க என்று முடிவாகிவிட்டது. கோடையில் மோர்ப்பந்தல் போட்டால் பந்தற்கால் ஊன்றுவது நான், முதல் தம்ளரை நீட்டுவது அவன். ஏழைப் பெண்ணுக்குத் தையல் மெஷின் கொடுத்தால் அதைத் தலையில் சுமந்து வருவது நான். போட்டோ எடுக்கும்போது ஒரே மெஷினைச் சங்கத்தார் அத்தனை பேரும் தொட்டுக்கொண்டு நிற்பார்கள், அந்தக் கூட்டத்தில் நடுவிலிருப்பது பால்வண்ணத்தின் மோதிரக் கை.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. இதற்கெல்லாம் மனுசன் வஞ்சம் வைப்பானா? நான் வைத்தது வேறு ஒன்றுக்காக.

எங்கள் ஊரில் ஓ நெகட்டிவ் ரத்தம் இருந்தது மூன்று பேருக்குத்தான். ஒன்று நான், ஒன்று பால்வண்ணம், இன்னொன்று என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம். மற்ற எல்லாரும் அவரவர் சொந்தக்காரனுக்குக் கொடுப்பார்கள், அவரவர் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். எங்கள் ரத்தம் யாருக்கும் ஏற்றலாம், ஆனால் சுலபத்தில் கிடைக்காது என்பதால் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சங்கத்துக்குப் போன் வரும். அதனால் சங்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் முறை வைத்திருந்தார்கள். இந்தத் தடவை நான் என்றால் அடுத்த தடவை அவன். ஒரு தடவை கொடுத்தவன் மூன்று மாதம் கொடுக்கக்கூடாது என்பதால், முறை தவறினால் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து தவிக்கவேண்டி வரும். ஆகவே மற்ற எதில் ஏமாற்றினாலும் முறையில் ஏமாற்றக்கூடாது என்பது எங்களுக்குள் சொல்லாமலே இருந்த சத்தியம்.

என் வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒத்துப்போன விஷயம் என்று பார்த்தால் அந்த ரத்தம் ஒன்றுதான். அவள் வெண்டைக்காய் என்றால் நான் கத்திரிக்காய் என்பேன். அவள் பேசுகிறவள், நான் பேசாதவன். மில் ஓடும் சத்தத்தில் நாள் முழுக்க நின்றவனுக்கு வீட்டுக்கு வந்தபிறகு வாய் திறக்காது. "ரெண்டு நல்ல வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?" என்று அவள் கேட்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். ஆனால் ரத்தம் ஒன்று என்று தெரிந்த நாளிலிருந்து, ஒரு நாள் இவளுக்கு வேண்டிவரும், அன்றைக்கு நான் கொடுப்பேன், சொல்லாததெல்லாம் அதில் போய்ச் சேர்ந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம் வைத்திருந்தேன்.

அப்படியிருக்கையில் மதுரையிலிருந்து ஒரு போன் வந்தது. விபத்தில் அடிபட்ட யாரோ ஒரு லாரி டிரைவர். முறை பால்வண்ணத்துடையது. அவன் மில்லுக்கு வந்தான், மாவு படாமல் வாசலிலேயே நின்றான்.

"வே ஐயம்பெருமாள், நாளைக்குக் கடையில ஆடிக் கழிவு ஆரம்பம். நான் நவுர முடியாது. நீரு இந்தத் தடவை போயிட்டு வாரும், அடுத்த ரெண்டு முறையும் நான் பாத்துக்கிடுதேன்."

நான் போனேன். கொடுத்தேன். அவர்கள் தந்த பிஸ்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். அந்த வாரமே தங்கபுஷ்பத்துக்குக் கர்ப்பப்பையில் ரத்தப்போக்கு கண்டு நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். என் கையை நீட்டுகிறேன், நர்ஸ் ஊசி குத்திய இடம் ஆறாததைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க இப்பதான குடுத்திருக்கீங்க, மூணு மாசம் ஆகணும்" என்று தள்ளிவிட்டாள். அப்போது எனக்குத் தாத்தா வயதுகூட ஆகவில்லை. பால்வண்ணம் கார் வைத்துக்கொண்டு வந்தான், ஓய்வெடுத்த உடம்போடு, வயிறாரச் சாப்பிட்ட உடம்போடு வந்தான், படுத்தான், கொடுத்தான். என் வீட்டுக்காரி பிழைத்தாள். ஊரே அவனைப் புகழ்ந்தது. நானும் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டி வந்தது. என்னுடைய இடத்தில் படுத்துக்கொண்டு, என்னுடைய முறையை எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரி உடம்புக்குள் போய் உட்கார்ந்தவனுக்கு நான் நன்றி சொன்னேன்.

பிறகு பல வருசம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் கொடுத்துக்கொண்டிருந்தான், நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு முறை தன்னுடையது என்று சொன்னதில் மிச்சமிருந்த ஒன்றை அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கத்தின் வெள்ளிவிழா அன்று கல்யாண மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பால்வண்ணத்துக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கில் புகழ்ந்து முடித்து, இலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் உளுந்தவடையைக் கடிக்கப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் "ஆ" என்றான். அதே நேரத்தில் பந்தியில் மூன்றாவது வரிசையில் இருந்த டைலர் பொன்னுலிங்கம் "ஆ" என்றான். சாம்பார் வாளியோடு நின்ற ஒரு பையன் "ஆ" என்று வாளியைக் கீழே வைத்தான். பேருந்து நிலையத்தில் விசில் ஊத வாயெடுத்த கண்டக்டர் செல்லையா "ஆ" என்று வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸை விடாமல் நின்றான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மேரி டீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் கரும்பலகையில் சாய்ந்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்தபோது தங்கபுஷ்பம் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே திங்கல, பேசக்கூட இல்ல. நாக்குல சுருக்குன்னுச்சு," என்றாள்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் பால்வண்ணத்தின் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். சங்கத்தின் செயலாளர் ஆறுமுகநயினார், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், கூட்டத்தைக் கூட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரத்தம் குடுத்தா ரத்தத்தோட என்னென்ன இருக்கோ அதுவும்தான போவும். இத்தன நாள் ஏன் போகலன்னுதான் கேக்கணும்." எல்லாரும் ஆமாம் என்றார்கள். அடுத்து குடிநீர்த் தொட்டிக்கு மூடி போடுவதைப் பற்றிப் பேசினார்கள்.

அன்றிலிருந்து அவன் உடம்பில் வந்ததெல்லாம் அவர்கள் உடம்பில் வந்தது, அவன் மனசில் வந்ததெல்லாம் அவர்கள் மனசில் வந்தது. ஊர் அதை மழைபோலவும் வெயில்போலவும் எடுத்துக்கொண்டது. மணி ஓட்டல் மாஸ்டர் அவனுக்கென்று மிளகாய் குறைத்துத் தனிச் சாம்பார் வைத்தார், காரம் ஏறினால் ஊரில் பாதித் தெருவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்பதால். முடிதிருத்துகிற மந்திரம் அவனுக்குச் சவரம் செய்யும்போது மட்டும் புதுப் பிளேடு போட்டான். அவனுடைய கடைவாய்ப் பல் சொத்தையாகி அதைப் பிடுங்கவேண்டும் என்று வந்தபோது, முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள்: 'நாளை காலை பத்து மணியளவில் நமது பால்வண்ணம் அண்ணாச்சி அவர்களுக்குப் பல் பிடுங்கப்படுவதால், சம்பந்தப்பட்டவர்கள் வண்டி ஓட்ட வேண்டாம், அடுப்பில் எண்ணெய் வைக்க வேண்டாம், கிணற்றடியில் நிற்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' காலையில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வலி மட்டுமா வந்தது, சுகமும் வந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவனுக்குக் கால் பிடித்துவிட்டால் தங்கள் கால்வலி போகிறது என்று கண்டுகொண்ட கிழங்கள் முறைபோட்டுக்கொண்டு அவன் காலைப் பிடித்தார்கள். அவன் முதுகைச் சொறிய ஆள் நின்றது. அவன் கோபப்பட்டால் பரீட்சை எழுதும் பிள்ளைகள் பேப்பரைக் கிழித்துவிடுவார்கள் என்று மார்ச் மாதம் முழுக்க அவன் கடையில் யாரும் பேரம் பேசவில்லை. அவனுக்கும் அவன் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்தது. அந்த மனக்கசப்பு ஊர்முழுக்க நெஞ்செரிச்சலாக நிற்கிறது என்று ஒரு வேன் பிடித்துப் போய் மருமகன் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். பால்வண்ணத்தின் ரத்தம் ஏறிய ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் சம்பந்தம் பேசினார்கள். அண்ணன் தங்கை ஆகிவிடுமா என்று கோயில் பூசாரியிடம் கேட்டார்கள், பாதிரியாரிடமும் கேட்டார்கள். ஆகாது என்று இருவரும் சொன்னபிறகு கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது பால்வண்ணத்துக்குத் தும்மல் வந்ததால் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து தும்மினார்கள். அதையும் நல்ல சகுனம் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் சங்கத்துக்குத் தலைவரானான். ஓட்டுப் போடவே இல்லை, அவன் தலைவராகாவிட்டால் யார் யார் வருத்தப்படவேண்டி வருமோ அவர்கள்தான் சங்கத்தில் பெரும்பான்மை.

நானும் கொடுத்திருக்கிறேனே. அவனுக்குக் குறையாமல் கொடுத்திருக்கிறேனே. டீக்கடை இசக்கிக்குக் கொடுத்திருக்கிறேன், தபால்காரர் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன், மூட்டை தூக்கும் சந்தனராஜுக்கு இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன். நான் இசக்கி கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, அவன் டீ ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டே, என் கட்டைவிரலைப் பெஞ்சுப் பலகை இடுக்கில் வைத்து நசுக்கினேன். கண்ணில் பூச்சி பறந்தது. இசக்கி டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஏய் இசக்கி, ஒண்ணும் தெரியலியா?"

"என்ன தெரியணும் அண்ணாச்சி? சீனி தூக்கலா?"

"கையில ஒண்ணும் சுருக்குன்னு இல்ல?"

அவன் என் கட்டைவிரலைப் பார்த்தான். ரத்தம் கட்டியிருந்தது. புரிந்துகொண்டான். பாவம் என்று நினைத்திருப்பான்போல, "லேசா இருந்த மாதிரித்தான் இருந்துச்சு," என்று இடது கையைத் தடவினான். நான் நசுக்கியது வலது கை.

இது எப்படியோ வெளியே போய்விட்டது. டைலர் பொன்னுலிங்கம் காஜா எடுத்துக்கொண்டே நாலு பேர் முன்னால் கேட்டான்: "அண்ணாச்சி, உம்ம ரத்தம் பாதி மாவுல்லா? உள்ள போனதும் கரைஞ்சிருக்கும். தோசை சுட்டுப் பாருங்க, தெரியும்." எல்லாரும் சிரித்தார்கள். பால்வண்ணம் வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடந்ததோ, சிரித்தவர்களில் பாதிப் பேர் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

இவர்கள் சிரிப்பை நான் தாங்கிக்கொண்டேன். தங்கபுஷ்பம் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் அடுப்படியில் தனியாக நின்று சிரிப்பாள். துணி காயப்போடும்போது திடீரென்று முதுகை நிமிர்த்தி ஒரு பெருமிதத்தோடு நிற்பாள். அவனுக்கு எங்கோ மாலை விழுந்திருக்கும். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் கசிந்து, உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு பார்த்தாள். என்னவோ சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போது தெருவில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்கள், பால்வண்ணம் அண்ணாச்சிக்குப் பேத்தி பிறந்திருக்கிறது, இப்போதுதான் கையில் வாங்கினார் என்று. நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஏன், இன்னொரு கை வாங்கிக்கிடலாம்ல்லா?" என்றாள், இன்னும் சிரித்துக்கொண்டே.

"அவன் வீட்டுல போய்ப் பரிமாறு, போ."

"நானா கேட்டு வாங்குனேன்? மயங்கிக் கிடந்தவளுக்கு ஏத்திவிட்டீங்க. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"



பால்வண்ணத்தின் வீட்டுக்காரி ஆவுடையம்மா இறந்துபோனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அந்தச் சாவுக்கு ஆள் விட்டுச் சொல்லவேண்டிய வேலை இருக்கவில்லை. செல்லையா ஓடுகிற பஸ்ஸில் விசிலடித்து நிறுத்தி, டிக்கெட் பையை டிரைவர் மடியில் போட்டுவிட்டு, சாலையோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஏன் அழுகிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது. மேரி டீச்சர் அழுதுகொண்டே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் குடத்தைக் கீழே போட்டாள், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஜவுளிக்கடைத் தெருவைப் பார்த்து நடந்தாள். எல்லாத் தெருவிலிருந்தும் அப்படியே நடந்து வந்தார்கள். நான் சங்கத்தின் குளிர்பெட்டியை வண்டியிலேற்றிக் கொண்டுபோய், இறக்கி, வயர் இழுத்துப் பிளக்கைச் சொருகினேன். அந்த வீட்டில் கண் நனையாமல் வேலை பார்த்தது நான் ஒருவன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரி அழுததைச் சொல்லவேண்டும். பெண்கள் பெண்ணுக்காக அழுகிற அழுகை இல்லை அது. கூந்தலை அவிழ்க்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஆம்பிளை அழுகிற மாதிரி தொண்டைக்குள்ளேயே அழுதாள். அழுகைக்கு நடுவில் ஆவுடையம்மாவின் பாதத்தைப் பார்த்து, அந்தப் பாதத்தை ஆயிரம் தடவை பார்த்துப் பழகியவளைப்போலப் பார்த்து, மறுபடியும் அழுதாள். வீட்டுக்கு வந்தபிறகு என்னிடம் சொன்னாள்:

"அந்த மனுசன் பொண்டாட்டிய எம்புட்டு நெனச்சிருக்காரு தெரியுமா? அவ காப்பி குடிச்ச தம்ளர்ல மிச்சம் கெடக்குமாம், அத இவரு குடிப்பாராம். இதெல்லாம் எனக்குத் தெரியுது. புருசன்காரன் மனசுல இப்படியெல்லாம் இருக்கும்ன்னு எனக்கு இந்த வயசுலதான் தெரியுது."

பிறகு கேட்டாள். "நீங்க என்னை எப்படி நெனக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரத்தம் நான் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

"இசக்கிக்குத் தெரிஞ்சுதா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவளுக்கு அது தெரியவேண்டியிருந்தது. நான் எழுந்து போய் மில்லைத் திறந்தேன். அரைக்க ஒன்றுமில்லாமல் வெறும் மெஷினை ஓடவிட்டேன்.

அதன் பிறகு பால்வண்ணம் சாப்பிடவில்லை. அவனுக்குப் பசியில்லாததால் ஊரில் அவன் ரத்தம் ஏறிய அத்தனை பேருக்கும் பசியில்லை. சோற்றைப் பிசைவார்கள், வாய்க்கருகில் கொண்டுபோவார்கள், ஆவுடையம்மா ஞாபகம் வரும், கையை உதறிவிடுவார்கள். ஆவுடையம்மாவைப் பார்த்தே அறியாத வெளியூர் ஆட்கள்கூட எங்கோ மதுரையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருத்திக்காக உருகிக்கொண்டிருந்ததாகச் சங்கத்துக்குப் போன் வந்தது. மந்திரத்தின் கடையில் சட்டை தொளதொளத்த ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கபுஷ்பத்தின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஆறுதல் சொல்ல ஆட்கள் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் அவன் ரத்தக்காரர்கள், அவனைப் பார்த்து அழுது, அவர்கள் அழுவதைப் பார்த்து அவன் அழுது, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. மீதிப் பேர் நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்தவர்கள், நல்ல வார்த்தை கேட்கக் கேட்க அவனுக்கு இன்னும் கூடியது.

ஆறுமுகநயினார் மில்லுக்கு வந்தார். வெயில்காலத்து ஓணான்போலக் கழுத்து மெலிந்திருந்தது.

"வே, நீரு போயி அவர்கூட இரும்."

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது."

"அதாம்வே வேணும். நீரு ஆறுதல் சொல்லமாட்டீரு. அழவும் மாட்டீரு. சும்மா இருந்து கஞ்சியக் குடுத்துட்டு வாரும்." போகும்போது திரும்பி, "உம்ம வீட்டம்மாவுக்காகவாவது போயிட்டு வாரும்," என்றார்.

போனேன். தங்கபுஷ்பத்துக்காகத்தான் போனேன், அதை இங்கே எழுதிவைக்கிறேன். தினமும் காலையில் மில்லைப் பூட்டிவிட்டுப் போய், கஞ்சித் தம்ளரை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவன் சுவரைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எனக்கு வரவேண்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை, என் வீட்டுச் சிரிப்பையும் என் வீட்டு அழுகையையும் இங்கேயிருந்தே ஆட்டிக்கொண்டிருக்கிறவனை இமைக்காமல் பார்த்தேன். கஞ்சி ஆடை கட்டும். எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கு ஊற்றிவிட்டுத் திரும்புவேன். அங்கே வீட்டில் தங்கபுஷ்பமும் கஞ்சியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பாயிலேயே கிடந்தாள். அன்றைக்குப் போய் உட்கார்ந்தவன் தம்ளரைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"வே பால்வண்ணம். நீரு எனக்கு ஒரு முறை தரணும்."

அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான். "என்ன முறை?"

"ரத்தம் குடுக்கிற முறை. மதுரைக்கு லாரி டிரைவருக்குக் குடுக்க வேண்டியது நீரு. ஆடிக் கழிவுன்னு என்னை அனுப்புனீரு. நான் போயிக் குடுத்துட்டு வந்து நிக்கேன், என் பொண்டாட்டி கெடக்கா. என்கிட்ட எடுக்கமாட்டேன்னுட்டாங்க. நீரு படுத்துக் குடுத்தீரு. அது என் எடம்."

அவன் யோசித்தான். நிஜமாகவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். "எந்த லாரி டிரைவரு?"

அவனுக்கு ஞாபகமில்லை. நான் இத்தனை வருசம் தினமும் எடுத்துத் துடைத்து வைத்திருந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. ஆடிக் கழிவுகூட ஞாபகமில்லை. "ஆடிக் கழிவு வருசாவருசம்தானவே வருது," என்றான்.

"அது எனக்குத் தெரியாது. என் முறையத் தாரும்."

"சரிவே, தாரேன். அடுத்த தடவ உங்க வீட்டம்மாவுக்கு வேணும்னா நீரே குடும்."

"எப்படிக் குடுக்க? எனக்கு வயசு தாண்டியாச்சு. கையத் தொடமாட்டாங்க."

"அப்போ நான் எப்படிவே திருப்பித் தர?"

"அது உம்ம பாடு. எனக்குத் தரணும். கஞ்சியைக் குடியும், குடிச்சுட்டுத் தாரும்."

அவன் என்னைப் பார்த்தான். உதடு துடித்தது, அழப்போகிறான் என்று நினைத்தேன். முதலில் மூக்கில்தான் ஒரு சத்தம் வந்தது. பிறகு வயிறு குலுங்கியது. "ஏ வே," என்றான், "ஏ வே... இதையா இத்தன வருசமா..." என்று சொல்லி முடிக்கமுடியாமல், சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தான். என் கையிலிருந்த தம்ளரை வாங்கி, பாதி சிந்தி, மீதியைக் குடித்து, புரையேறி, மறுபடியும் சிரித்தான்.

நான் வெளியே வந்தேன். தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கம் தையல் மெஷின்மேல் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். செல்லையா நின்ற பஸ்ஸின் படியில் தொங்கியபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அவரு சிரிச்சுட்டாரு! பசிக்கு அண்ணாச்சி, பசிக்கு!" என்று கத்தினான். மணி ஓட்டலில் ஆட்கள் முண்டியடித்தார்கள், மாஸ்டர் கரண்டியைத் தட்டி வரிசையில் வரச்சொன்னார். மேரி டீச்சர் பிள்ளைகளின் டிபன் டப்பாவைத் திறந்து தின்றாள். யார் சிரிக்கவைத்தது என்று யாரும் கேட்கவில்லை. எதைச் சொன்னதும் அவன் சிரித்தான் என்றும் கேட்கவில்லை. பெரிய துக்கத்தை ஊருக்காக விழுங்கிக்கொண்டு பால்வண்ணம் சிரித்தான் என்று பேசிக்கொண்டார்கள். அதற்காக அவனுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்கவேண்டும் என்று ஆறுமுகநயினார் அங்கேயே என்னிடம் சொல்லிவிட்டார், மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிறது, நாற்காலி விரிக்க நீரு வந்துரும் என்று.

வீட்டில் தங்கபுஷ்பம் பாயில் எழுந்து உட்கார்ந்து, பழைய சோற்றை அள்ளித் தின்றுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இன்னும் கூடியது.

"என்னங்க சொன்னீங்க அவருகிட்ட? வயிறு வலிக்கு. சொல்லுங்க, நானும் தெரிஞ்சு சிரிக்கேன்."

நான் வாசற்படியிலேயே நின்றேன். "ஒனக்கு ரத்தம் குடுக்க வேண்டியது நான்னு சொன்னேன். அது என் எடம்னு சொன்னேன். அத எனக்குத் திருப்பித் தாரும்னு கேட்டேன்."

அவள் சிரிப்பை நிறுத்தப் பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். முடியவில்லை. "கோவிச்சுக்கிடாதீங்க," என்றாள், சிரிப்புக்கு நடுவில் திணறிக்கொண்டு, "இது நான் சிரிக்கல, நான் இல்ல..." என்று கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. ஊரிலும் அடங்கியிருக்கும், தெருவில் சத்தமில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து, விரல் இடுக்கில் காய்ந்திருந்த மாவைத் தன் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பேத்தி பிறந்த அன்றைக்குப் பார்த்ததைவிட அதிகமாக, ஆவுடையம்மாவின் பாதத்தைப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் பால்வண்ணம் அவன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. தூங்கியிருக்கலாம். தூங்கியிருந்தால் அந்தப் பார்வை முழுக்க அவளுடையது, எனக்கு வந்தது. செத்தவளை நினைத்துக்கொண்டு படுத்திருந்தான் என்றால் அதில் எனக்கு ஒன்றுமில்லை. நாலு எட்டு நடந்துபோய் ஜவுளிக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்காலி விரித்தபோது பக்கத்தில்தான் நின்றான், பொன்னாடையை மடித்துக்கொண்டு, "என்னவே, இன்னும் பாக்கிதானா?" என்று சிரித்தான். நான் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லுவதை நான் வாங்கிக்கொண்டு வரவேண்டும், என் வீட்டுக்காரி மனசில் இருப்பதை அவன் கையால் அளந்து வாங்கவேண்டும். என் முறை என்னிடம் இருந்திருந்தால் இதை யாரிடமும் கேட்கவேண்டிய அவசியம் எனக்கு வந்திருக்காது.

"ஆமாவே," என்றேன் அன்றைக்கு மண்டபத்தில், "பாக்கிதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை விரித்தேன்.